காட்பாடி சாலையில் ஒரு சண்டை, ஒரு கும்பல், ஒரு வழிப்பறி: நிகழ்வு ஆய்வு

தெருவில் ஒருவன் நம்மை மறித்து நிற்கும்போது அவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இவனுக்கு என்ன வேண்டும்? கெத்து காட்ட வேண்டுமா, இது தன் ஏரியா என்று நிலைநாட்ட வேண்டுமா, நம் பையும் போனும் வேண்டுமா, அல்லது நாமே வேண்டுமா? ஒன்றில் நம்மைக் காப்பாற்றுகிற நடத்தை இன்னொன்றில் உயிருக்கே உலை வைத்துவிடும். குரலைத் தாழ்த்தி "சாரிங்க, என் மேலதான் தப்பு" என்றால் கெத்துச் சண்டை பாதி அடங்கிவிடும். அதே தாழ்ந்த குரல் வழிப்பறிக்காரனுக்குப் பச்சைக் கொடி. நிமிர்ந்து நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினால் வழிப்பறிக்காரன் யோசிப்பான். கெத்துக்காக நிற்கிறவனிடம் அப்படிக் கத்தினால் முதல் அடி விழும்.

வேலூரில் சிலம்பமும் தற்காப்பும் கற்றுக்கொடுக்கிறேன். கற்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது "கத்தியோட வந்தா எப்படி சார் தடுக்கறது?" என்பதுதான். கத்தி வெளியே வருவதற்கு முன்னால் நடப்பவற்றைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. இங்கே எழுதும் சம்பவத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். அரை மணி நேரத்துக்குள், ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள், ஒரே இரண்டு பேருக்கு வன்முறையின் வெவ்வேறு வகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இருவரையும் அண்ணன், தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

என்ன நடந்தது

அண்ணன் முப்பதைத் தாண்டியவர், ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறார். தம்பி அவருடைய சித்தப்பா மகன், கல்லூரியில் படிக்கிறான். சித்தப்பாவுக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற லாட்ஜ் ஒன்றில் சித்தியும் அவரும் இருந்தார்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் காட்பாடி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் இருவரும் கிளம்பினார்கள். அண்ணனின் காலடியில் ஒரு பை. அதில் ஸ்கேன் பிலிம், பழைய ரிப்போர்ட்டுகள், திங்கட்கிழமை கட்ட வேண்டிய முன்பணம்.

விருதம்பட்டு தாண்டி பாலாற்றுப் பாலத்துக்கு வருவதற்கு முன், எதிர்ப்பக்கம் வந்த ஒரு பைக் ஹேண்டில்பாரில் உரசியது. யாரும் விழவில்லை. பைக்கில் வந்த இளைஞன் இறங்கினான். பேச்சு தடித்தது. பக்கத்து டீக்கடையிலிருந்து அவனுடைய சேக்காளிகள் மூன்று பேர் வந்தார்கள். அண்ணனுக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. தம்பியைப் பிடித்துத் தள்ளியதில் அவன் பின்னால் விழுந்து, சாக்கடை மூடியின் விளிம்பில் தலை இடித்தது. டீக்கடைக்காரர் வந்து அதட்டியதும் அவர்கள் கலைந்துபோனார்கள்.

அதன்பிறகு இன்னொரு பைக்கில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குச் சுருக்கு வழி காட்டுவதாகச் சொல்லி ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார்கள். அங்கே மூன்றாவது ஆள் காத்திருந்தான். கத்தி வெளியே வந்தது. பணமும் போனும் போயின. "பையன இங்க உட்டுட்டு நீ போய் ஏடிஎம்ல எடுத்தா" என்றபோது அண்ணன் ஹார்னை அழுத்திப் பிடித்துக் கத்தினார். வீடுகளில் விளக்கு எரிந்தது. மூவரும் ஓடிவிட்டார்கள்.

முதல் கட்டம்: "யார்றா டா?"

உரசல் நடந்ததும் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை "சாரி தம்பி, பாக்கல." இறங்கி வந்தவன் "இன்னா, பாத்து ஓட்ட மாட்டியா?" என்றான். இது கேள்வியாக இருந்தாலும் இதற்குப் பதில் தேவையில்லை. அவன் எதிர்பார்ப்பது ஒரு தலையசைப்பு. அந்த நொடியில் சண்டை முடிந்திருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி வாய் திறந்தான்: "நீதான்டா ராங் சைடுல வந்த." அவன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் எதிராளியின் காதில் விழுந்தது "டா" மட்டும்தான். "யார்றா டா? யாரப் பாத்து டான்ற?" என்று அவன் லுங்கியை மடித்துக் கட்டினான்.

கெத்துச் சண்டையின் அடையாளங்கள் எல்லாமே வெளிப்படையானவை. கண் நம் கண்ணைவிட்டு நகராது. குரல் ஏறும், நெஞ்சு முன்னால் வரும், விரல் நீளும். சட்டைக் கையைச் சுருட்டுவான், வாட்சைக் கழற்றி சேக்காளியிடம் கொடுப்பான். முக்கியமாக, அடிக்கடி திரும்பிப் பார்ப்பான். யார் பார்க்கிறார்கள் என்பது அவனுக்கு அவ்வளவு முக்கியம். பார்வையாளர் இல்லாவிட்டால் இந்தச் சண்டைக்கு உயிரில்லை. நம்மைக் கொல்வது அவன் நோக்கமில்லை, அனேகமாக அடிப்பதுகூட இல்லை. தலை கவிழாமல் வீடு போக வேண்டும் என்பதே நோக்கம். அதனால் அவனுக்கு மானம் குறையாமல் வெளியேற ஒரு வாசல் திறந்துவிடுவதுதான் நம் வேலை.

அதற்கு இரண்டு மூன்று வழிகள் உண்டு. கண்ணை அவன் மார்புப் பக்கம் தாழ்த்துவது, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சளவில் விரித்துக் காட்டுவது, தப்பை ஏற்றுக்கொள்வது, பிறகு நகர்வது. விரித்த கை சமாதானமாகவும் தெரியும், அடி வந்தால் முகத்தைக் காக்கும் தூரத்திலும் இருக்கும். செய்யக்கூடாதது ஒன்று உண்டு, நியாயம் பேசுவது. ராங் சைடு, ரைட் சைடு என்று அந்த இடத்தில் வழக்கு நடத்த முடியாது. "நான் யாருன்னு தெரியுமா" என்று தெரிந்த அரசியல்வாதி பெயரைச் சொல்வதும் அப்படியே. அது எதிராளியின் வாசலைச் சாத்திவிடுகிறது. இதையெல்லாம் கோழைத்தனம் என்று நினைக்கிற இளைஞர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். சிலம்பம் கற்றவன் இப்படிப்பட்ட சண்டையில் இறங்குவதை நான் வெறுக்கிறேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், வித்தை அதற்கானதில்லை.

ஒரே அடியில் மனிதர்கள் செத்துப்போவதும் பெரும்பாலும் இந்த வகைச் சண்டையில்தான். குத்து கொல்வதில்லை. குத்து வாங்கியவன் மல்லாந்து விழும்போது தரை கொல்கிறது. அடித்தவனுக்கும் கை தப்புவதில்லை. முஷ்டியால் தாடையைக் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு உடையும். பல்லில் பட்டுத் தோல் கிழிந்தால் வாயிலிருக்கும் கிருமி மூட்டுக்குள் போய்ச் சீழ் பிடிக்கும். அப்படிப்பட்ட சின்னக் காயத்தை அலட்சியம் செய்து விரலையே மடக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

அண்ணன் இந்தக் கட்டத்தைச் சரியாகவே படித்தார். தம்பியின் தோளைப் பிடித்து "நீ வாய மூடு" என்று அதட்டினார். எதிராளியிடம், "சின்னப் பையன், உடுங்க தம்பி" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் அது போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது கட்டம்: ஏரியா

டீக்கடையிலிருந்து மூவர் எழுந்து வந்த நொடியில் சண்டையின் வகை மாறியது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அவர் இன்னும் முதல் இளைஞனிடமே பேசிக்கொண்டிருந்தார். "எங்க ஏரியாவுல வந்து எங்க பையன்கிட்டயே எகிறுறியா?" என்றான் வந்தவர்களில் ஒருவன். உரசியது எந்தப் பக்கம் என்பது அவனுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

கும்பல் அடிக்கு ஒரு தனி ஓட்டம் உண்டு. அதில் ஒவ்வொருவனும் நம்மோடு சண்டை போடுவதைவிட, தன் கூட்டத்துக்குத் தான் எவ்வளவு விசுவாசமானவன் என்று மற்றவர்களுக்குக் காட்டிக்கொள்வதில்தான் குறியாக இருக்கிறான். ஒருவன் அறைந்தால் அடுத்தவன் உதைத்தாக வேண்டும். அதனால்தான் தனியாக இருந்தால் பூச்சியைக்கூட மிதிக்காத பையன்கள் கும்பலில் கீழே விழுந்தவனின் தலையை மிதிக்கிறார்கள். இங்கே மன்னிப்பு கேட்டும் பெரிய பயனில்லை. கேட்கிற காது யாருடையது என்பதே தெரியாது. விழாமல் இருப்பதும், நடுவில் மாட்டாமல் இருப்பதும், அந்தக் கூட்டம் மதிக்கிற ஒருவரைத் தேடுவதும்தான் வழி.

டீக்கடைக்காரர் செய்தது அதுதான். "போதும் உடுங்கடா. பையன் கீழ வுழுந்துட்டான் பாரு. அப்பறம் இங்க எவனும் டீ குடிக்க வராதீங்க" என்று கடையை விட்டு இறங்கி வந்தார். தினமும் பார்க்கிற முகம். அவர் பேச்சைக் கேட்டுக் கலைவதில் அவர்களுக்கு அவமானமில்லை. நம் ஊர்களில் இப்படி ஒருவர் அநேகமாக எப்போதும் பக்கத்தில் இருப்பார். கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவர், வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா. சண்டை தடிக்கத் தொடங்கும்போதே கண்ணால் அவரைத் தேடி, "அண்ணா, நீங்களே பாருங்க" என்று சத்தமாக அவரை உள்ளே இழுக்க வேண்டும். அண்ணன் கூப்பிடவில்லை, டீக்கடைக்காரர் தானாக வந்தார். அவர் ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால் தம்பியின் தலை தப்பியிருக்கும்.

கன்னத்தில் அறை வாங்கிய அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. நாலு பேருக்கு எதிரில், காயம்பட்ட தம்பியோடு, அது சரியான முடிவு. அதற்காக அவர் இன்றும் வெட்கப்படுகிறார். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உதவி செய்ய வந்தவர்கள்

என்னைப் பொறுத்தவரை இந்தச் சம்பவத்தின் மையம் இதுதான். முந்தைய இரண்டு கட்டங்களும் சத்தமானவை. மூன்றாவது கட்டம் கனிவான குரலில் தொடங்கியது.

கூட்டம் கலைந்தபோது இரண்டு பேர் பைக்கில் வந்து நின்றார்கள். அண்ணன் அவர்களைச் சண்டையின்போதே சாலையின் மறுபக்கம் பார்த்ததாகப் பிறகு நினைவுகூர்ந்தார். வேடிக்கை பார்க்கிறவர்கள் சண்டையைப் பார்ப்பார்கள். இவர்களில் ஒருவன் ஸ்கூட்டரின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, தம்பிக்கு ரத்தம் வருது பாருங்க. அந்தப் பைய குடுங்க, நான் புடிச்சிக்கிறேன், நீங்க தம்பியப் புடிங்க." பையைக் கொடுக்கவில்லை, "இருக்கட்டும்பா" என்றார் அண்ணன். உடனே அடுத்தவன்: "மெயின் ரோட்ல செக்கிங் கீது. இந்தக் கோலத்துல பாத்தா நிக்க வெச்சிடுவாங்க. இப்பிடி சந்துல பூந்தா பாலத்துகிட்ட ஏறிடலாம். நாங்க முன்னாடி போறோம், பின்னாடியே வாங்க."

வழிப்பறிக்காரன் முதலில் செய்வது சோதனை. மணி என்ன, தீப்பெட்டி இருக்கா, இந்த அட்ரஸ் எங்க, உதவி வேணுமா என்று எதையாவது கேட்டுப் பேச்சுக் கொடுப்பான். பதில் அவனுக்கு வேண்டாம். நாம் நிற்கிறோமா, அருகில் வர விடுகிறோமா, மறுக்கத் தயங்குகிறோமா என்று பார்க்கிறான். கெத்துக்காரன் பார்வையாளரைத் தேடுவான் என்றால், இவன் பார்வையாளர் இல்லாத இடத்தைத் தேடுவான். கெத்துக்காரனின் கை வீசிக்கொண்டிருக்கும். இவன் கை இடுப்பிலோ பாக்கெட்டிலோ தொடைக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். ஒருவன் பேசுவான், இன்னொருவன் பேசாமல் நம் பக்கவாட்டுக்கு நகர்வான். பேசுகிறவன் நம் முகத்தைப் பார்க்காமல் தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்துக்கொள்வான். இந்த நான்கில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் போதும், மரியாதை தவறிவிடுமோ என்ற தயக்கத்தைத் தூக்கி எறியலாம்.

அண்ணன் அவர்களை நம்பியதற்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை. உடம்பு அப்போதுதான் ஒரு ஆபத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அட்ரினலின் சுரக்கும்போது பார்வை குறுகுகிறது, பக்கத்திலிருப்பது தெரிவதில்லை, காது சில ஒலிகளை விட்டுவிடுகிறது, கை நடுங்குகிறது. அது வடியும்போது ஒரு தளர்ச்சி வரும். அந்தத் தளர்ச்சியில் அன்பாகப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் பற்றிக்கொள்ளத் தோன்றும். வேட்டைக்காரனுக்கு அது தெரியும், அவன் காத்திருந்ததே அந்தக் கணத்துக்காகத்தான்.

வேலூரில் இந்த வகைக்கு இலக்காகிறவர்கள் யார் என்று ஊர்க்காரர்களான நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். காட்பாடி ஜங்ஷனில் விடியற்காலையில் இறங்கும்போது கையில் ரிப்போர்ட் பை, இடுப்பில் சிகிச்சைப் பணம், முகத்தில் தூக்கமின்மை. மொழி தெரியாது. "லாட்ஜ் வேணுமா, ஆஸ்பத்திரியில ஆள் தெரியும்" என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப் பிழைப்புக்கு அலைகிற தரகர்கள்தான். ஆனால் பையைக் கையில் வாங்கிக்கொள்ளத் துடிப்பவனையும், வெளிச்சமான சாலையை விட்டு இறக்கப் பார்ப்பவனையும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உதவி உண்மையானதா என்று அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. நாம் ஒரு மாற்று சொல்ல வேண்டும். "108-க்கு போன் பண்ணுங்க, இங்கியே டீக்கடைல உக்காந்துக்கிறோம்." உதவ வந்தவர் போனை எடுப்பார். மற்றவன் அவசரப்படுத்துவான், கோபித்துக்கொள்வான், நன்றி கெட்டவன் என்பான்.

பெண்களுக்கு வருகிற தொல்லையிலும் இதே சோதனை ஓட்டம் உண்டு. பஸ்ஸில் முதலில் முழங்கை படும். ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்தது. அங்கே சமாதானப் புன்னகை வேலை செய்யாது. "கைய எடுங்க" என்று முதல் முறையே, கண்டக்டருக்குக் கேட்கும்படி, முழு வாக்கியமாகச் சொல்வது வேலை செய்யும். என் மாணவிகளில் பலருக்கு அடி கற்பதைவிட அந்த ஒரு வாக்கியத்தை உரக்கச் சொல்வதுதான் கடினமாக இருக்கிறது. அதனால் அதையே திரும்பத் திரும்பப் பழக்குகிறேன்.

சந்துக்குள்

முன்னால் போன பைக் குறுக்கே நின்றது. சுவரோரம் இருந்த ஆள் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்தான். கத்தியைக் காட்டியவன் அதிகம் பேசவில்லை. "காசு. போன்."

அண்ணன் கொடுத்தார். பையிலிருந்த பணக் கவரை எடுத்துக் கொடுத்து, "ரிப்போர்ட் மட்டும் இருக்கட்டும்பா, ஆஸ்பத்திரிக்கு வேணும்" என்றார். அவர்கள் அதை எடுக்கவில்லை. சித்தப்பாவின் சிகிச்சைப் பணத்தைக் கொடுத்தது சரியா என்று சொந்தக்காரர்கள் பிறகு பேசியிருக்கிறார்கள். சரிதான். கத்தியோடு நிற்பவன் பொருளைக் கேட்கும் வரை, பொருள்தான் நம் உயிருக்கான விலை. மூன்றடி தூரத்தில் கத்தியை வெறுங்கையால் பிடுங்குவது சினிமாவில் நடக்கும். உண்மையில் கத்திக்குத்து பட்டவர்கள் பலர் அந்த நேரத்தில் கத்தியைப் பார்ப்பதே இல்லை, யாரோ குத்துவிட்டதாகத்தான் நினைக்கிறார்கள்.

போனைத் திறக்கச் சொன்னார்கள், ஜிபே பின் கேட்டார்கள். அதையும் சொன்னார். கணக்கில் சொற்பத் தொகைதான் இருந்தது. அதன்பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. தம்பியின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டே, "பையன இங்க உட்டுட்டு நீ போய் ஏடிஎம்ல எடுத்தா" என்றான்.

இங்கே கேட்பது மாறிவிட்டது. இதுவரை பொருள், இப்போது ஆள். என் வகுப்பில் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்லும் விதி இது ஒன்றுதான். பொருளைக் கேட்டால் கொடு. உன்னையோ உன்னோடு இருப்பவரையோ வேறொரு இடத்துக்கு நகர்த்தப் பார்த்தால், பிரிக்கப் பார்த்தால், கட்டப் பார்த்தால், அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் செலவழி. அவன் தேர்ந்தெடுக்கும் அடுத்த இடம் இதைவிட இருட்டாகத்தான் இருக்கும்.

அண்ணன் அந்த விதியைப் படித்தவரில்லை. தம்பியின் கை இழுபட்டதும் ஏதோ அறுந்துபோனது என்கிறார். சாவி வண்டியிலேயே இருந்தது, ஹார்னை அழுத்தி எடுக்கவே இல்லை. "திருடன்! திருடன்!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார். வண்டியோடு சேர்த்துத் தம்பியைப் பின்னால் தள்ளிச் சுவரில் சாய்த்தார். கத்தி ஒருமுறை வீசப்பட்டது, இடது முன்கையில் பட்டது. அது அவருக்குத் தெரியவில்லை, சட்டைக்கை நனைந்த பிறகுதான் பார்த்தார். "காப்பாத்துங்க" என்பதைவிடத் "திருடன்" என்பதற்கு நம் தெருக்களில் கதவு சீக்கிரம் திறக்கிறது. அடுத்தவர் சண்டையில் தலையிடத் தயங்குகிறவர்களும் திருடன் தங்கள் வீட்டுக்கு வரலாம் என்பதால் எழுந்து வருவார்கள். மாடியில் ஒரு விளக்கு, எதிர்வீட்டில் ஒரு விளக்கு. வழிப்பறிக்காரனுக்குச் சண்டை வேண்டாம், இலாபம் வேண்டும். செலவு ஏறியதும் போய்விட்டான்.

முதல் கட்டத்தில் இதே ஹார்னும் இதே கத்தலும் இருந்திருந்தால் பாலத்துக்கு முன்னாலேயே கத்தி வந்திருக்கலாம். சந்துக்குள் முதல் கட்டத்துப் பணிவே தொடர்ந்திருந்தால் தம்பியை விட்டுவிட்டு ஏடிஎம் தேடிப் போயிருப்பார்.

தம்பியின் தலை

தெருவாசிகள் ஆட்டோ பிடித்து அனுப்பினார்கள். தம்பி நன்றாகவே பேசிக்கொண்டு வந்தான். தையல் போட்டால் போதும், லாட்ஜுக்குப் போய்விடலாம் என்றான். அண்ணனின் கைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தம்பிக்கு வாந்தி வந்தது. "தூக்கம் வருது" என்று பெஞ்சில் சாய்ந்தான். நர்ஸ் அதைக் கவனித்ததால் சி.டி. ஸ்கேன் உடனே நடந்தது. காதுக்கு மேலே மண்டையோட்டில் விரிசல், உள்ளே மூளை உறைக்கு வெளியே சிறிய ரத்தக்கசிவு. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. வார்டில் வைத்துக் கண்காணித்தார்கள். இப்போது கல்லூரிக்குப் போகிறான்.

காதுக்கு மேல் இருக்கும் எலும்பு மெல்லியது, அதன் உட்புறம் ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அடிபட்டவர் முதலில் மயங்கித் தெளிந்து, சில மணி நேரம் முழு நினைவோடு பேசிச் சிரித்து, பிறகு சட்டென்று சரிந்துபோவார். அந்த இடைவெளியில்தான் "ஒண்ணும் இல்ல" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். தலையில் அடிபட்டவருக்குக் கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், குளறும் பேச்சு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது, அது கசிவைக் கூட்டும். தெருச் சண்டையில் கீழே விழுந்தவர் யாராக இருந்தாலும் முதல் இரவு தனியாக விடாதீர்கள்.

மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும்

டியூட்டி டாக்டர் கேட்டபோது தம்பி முதலில் சொன்னது, "வண்டில இருந்து விழுந்துட்டேன்." போலீஸ் வம்பு வேண்டாம் என்ற எண்ணம். அண்ணன் குறுக்கிட்டுத் திருத்தினார். அடிதடிக் காயத்தோடு வருகிறவர் சொல்வதை மருத்துவமனையில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். எங்கே, எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, கையாலா ஆயுதத்தாலா என்பதெல்லாம் அதில் ஏறும். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் முதலில் புரட்டப்படும் தாள்களில் அதுவும் ஒன்று. அன்று "விழுந்தேன்" என்று பதிவாகியிருந்தால், பிறகு "தள்ளினார்கள்" என்பது எடுபடாது.

காவல் நிலையத்தில் அண்ணன் எழுதிய முதல் புகாரில் இரண்டு சம்பவமும் ஒன்றாகக் கலந்துகிடந்தன. படித்தவர்களுக்கு அது குடித்துவிட்டு நடந்த தகராறு போலத் தெரிந்தது. மறுநாள் ஒரு வழக்கறிஞர் நண்பரின் உதவியோடு நேர வரிசையில், முதல் சம்பவம், இரண்டாவது சம்பவம் என்று பிரித்து எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு விஷயம் நகர்ந்தது. டீக்கடை வாசலில் நடந்தது வேறு ஆட்கள், வேறு குற்றம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணக் காயம் ஏற்படுத்துவது 115-வது பிரிவு. சந்துக்குள் நடந்தது 309-ன் கீழ் வரும் கொள்ளை. கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தால் 311-ன் கீழ் ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனை. எல்லை எந்த நிலையத்துக்கு என்ற கேள்வியும் எழுந்தது, ஏனென்றால் மருத்துவமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம், சம்பவம் அந்தப் பக்கம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவதும் புகார்தாரரின் உரிமை.

தற்காப்புச் சட்டத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இருந்த இடத்தில் நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை இருக்கின்றன. சாரம் மாறவில்லை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே உரிமை தொடங்குகிறது, அச்சம் நீங்கியதும் முடிகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அதிகாரிகளின் உதவியைப் பெற அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. நாலு பேரும் கலைந்துபோன பிறகு அண்ணன் துரத்திப்போய் ஒருவனைக் கல்லால் அடித்திருந்தால், அது தற்காப்பு ஆகாது. எதிர்ப் புகார் வந்து, அவரே குற்றவாளிப் பட்டியலில் நின்றிருப்பார். கெத்துச் சண்டையில் இருவரும் சேர்ந்தே இறங்கியிருந்தால் தற்காப்பு என்று வாதிடுவதே கஷ்டம். சந்துக்குள் நிலைமை வேறு. கத்தி, கொடுங்காய அச்சம், ஆளைப் பிடித்துவைக்கும் முயற்சி என்று 38-வது பிரிவு அதிகபட்ச எல்லை வரை, அதாவது தாக்குகிறவனின் உயிர் போனாலும், அனுமதிக்கிற சூழல்கள் அங்கே இருந்தன. அங்கே அண்ணன் செங்கல்லை எடுத்து அடித்திருந்தாலும் சட்டம் அவர் பக்கம் நின்றிருக்கும். தாக்குதலுக்கு உள்ளானவர் ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டு அளந்து திருப்புவார் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வகுப்பில் மாற்றியவை

சிலம்பத்தில் முதல் பாடம் காலடி. கம்பு பிறகுதான் வரும். அந்த வரிசையைத் தற்காப்பு வகுப்பிலும் வைத்திருக்கிறேன், ஆனால் காலடிக்கும் முன்னால் இப்போது ஒரு பயிற்சி சேர்ந்திருக்கிறது. ஒரு மாணவனை நடுவில் நிறுத்துவேன். மற்றவர்களில் ஒருவன் அவனை நெருங்குவான். நெருங்குகிறவனுக்கு மட்டும் முன்கூட்டியே ரகசியமாக ஒன்று சொல்லியிருப்பேன்: நீ கெத்துக்கு வருகிறாய், அல்லது கூட்டத்தோடு வருகிறாய், அல்லது பைக்காக வருகிறாய், அல்லது உண்மையாகவே வழி கேட்க வருகிறாய். நடுவில் நிற்கிறவன் அடிக்கக் கூடாது. வந்தவனுக்கு என்ன வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும், அதற்கேற்ற முதல் வாக்கியத்தையும் முதல் அடிவைப்பையும் செய்துகாட்ட வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் எல்லாரையும் எதிரியாகவே பார்க்கிறார்கள், வழி கேட்கிறவனிடமும் கையை ஓங்குகிறார்கள். சில வாரங்களில் அது சமனாகிறது. நடுவே திடீரென்று வகையை மாற்றச் சொல்லிச் சைகை காட்டுவேன். கெத்துக்கு வந்தவனின் பின்னால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள், அல்லது "பைய குடுங்கண்ணா" என்பான். நடுவில் நிற்பவன் தன் முதல் முடிவை விடாமல் பிடித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்தித் திரும்பத் தொடங்குவோம்.

தம்பி இப்போது வகுப்புக்கு வருகிறான். தலைக்காயம் ஆறும் வரை மோதல் பயிற்சி கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் இந்தப் பயிற்சியில் மட்டும் கலந்துகொள்கிறான். கனிவாகப் பேசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வருகிற ஆளின் வேடத்தைத்தான் அவன் கேட்டு வாங்குகிறான். அவன் அந்த வேடத்தில் வரும்போது, புதிதாகச் சேர்ந்தவர்களில் அநேகம் பேர் பையைக் கொடுத்துவிடுகிறார்கள்.